காப்புக் கட்டிய ஊரில் காளான் குழம்பு

அத்தியாயம் 6

“கோயில் வாசல்ல நின்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்றாங்க, அவ்வளவுதானே?” என்று பிரவீணா கேட்டிருந்தாள்.

“தெரியாம விஷக்காளானைச் சமைச்சுட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு சொல்லணுமாம் மேடம். சொல்லிட்டா போலீசுக்குப் போக மாட்டாங்களாம். அப்புறம் பொட்டியைத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வூட்டுக்குப் போயிடணுமாம்.”

“சொல்லிட்டா கேஸ் இல்லாம தப்பிச்சுக்கலாமே.”

“நான்தான் பறிச்சேன். நான்தான் சமைச்சேன். நானும் அதைத்தான் தின்னேன். இல்லாத விஷத்துக்கு நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? என்னையக் காப்பாத்துங்கன்னு உங்ககிட்ட வரலை மேடம். அதுல விஷம் இல்லைங்கிறதை அந்த ஊரே கேக்கிற மாதிரி சொல்லுங்க. அது போதும்.”

முந்தின நாள் பெரம்பலூரில், செருப்புக் கடை மாடியில் இருக்கும் தன் சின்ன அலுவலகத்தில், ஜெயசுதா என்ற பெண்ணோடு நடந்த இந்தப் பேச்சு, அரியலூரைத் தாண்டிய பிறகும் பிரவீணாவின் காதை விட்டுப் போகவில்லை. காருக்கு முன்னால் ஒரு சிமெண்ட் லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு, ஹாரனுக்கெல்லாம் அசைந்து கொடுக்காமல் போய்க்கொண்டிருந்தது.

“இந்த லாரிக்காரன் நம்மளை ஜெயங்கொண்டம் வரைக்கும் கையைப் பிடிச்சுத்தான் கூட்டிட்டுப் போவான் போல” என்றார் பக்கத்தில் இருந்த உத்திராபதி. “டிக்கெட்டு மட்டும்தான் கிழிக்கலை.”

உத்திராபதி இருபது வருடத்துக்கு மேல் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். முழங்கால் தேய்ந்துபோய் வேலையை விட்டபோது, பிரவீணாவிடம் உதவியாளராக வந்து சேர்ந்தார். பஸ்ஸை விட்டு இறங்கினாரே தவிர, பேச்சை விட்டு இறங்கவில்லை. இந்த இரண்டு மாவட்டத்திலும் அவருக்குத் தெரியாத நிறுத்தம் கிடையாது.

பிரவீணாவின் துப்பறியும் நிலையத்துக்கு வருகிற வேலையெல்லாம் பெரும்பாலும் கல்யாண விசாரணைதான். மாப்பிள்ளைக்குச் சொன்ன வேலை இருக்கிறதா, சொல்லாத பழக்கம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அங்கே வருகிறவர்கள் பாதிப்பேர் அழுவார்கள். மேசையில் அதற்கென்றே ஒரு டப்பா காகிதக் கைக்குட்டை உண்டு. ஜெயசுதா அதைத் தொடவே இல்லை.

அவளுடைய கதை இதுதான். குரும்பலூர்ப் பெண். அவளுடைய தாத்தா காலத்தில் அந்தக் குடும்பத்துக்கு அடுத்தவர் வயலில் கூலி வேலை. இவள் படித்து ஜெயங்கொண்டத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறாள். செல்போன் கடை வைத்திருக்கும் செந்தில்குமாரைக் காதலித்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். ஆண்டிமடம் பக்கத்தில் முந்திரித் தோப்பும் ஊர்ப் பெரியதனமும் உள்ள அரியமுத்துவின் ஒரே மகன் அவன். அரியமுத்து மருமகளை மருமகளாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வருஷம் பொங்கலுக்குத்தான், மாமியார் புஷ்பவல்லி கெஞ்சிக் கூத்தாடி இருவரையும் வீட்டோடு வரவழைத்து வைத்திருந்தாள்.

ஆடித் திருவிழாவுக்காகச் செவ்வாய்க்கிழமை மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் தீமிதி முடிகிறவரை ஊரில் கறி, மீன் கிடையாது. சாராயம் கிடையவே கிடையாது. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டியவர்கள் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. அன்று மதியம் அரியமுத்துவின் வீட்டில் விருந்து. கறிக்குப் பதிலாக என்ன வைக்கலாம் என்று யோசித்தபோது, இடியும் மழையுமாக அடித்து ஓய்ந்த தோப்பில் காளான் பூத்துக் கிடந்தது. ஜெயசுதா போய்ப் பறித்து வந்து குழம்பு வைத்தாள். எல்லோரும் சப்புக் கொட்டிக்கொண்டு சாப்பிட்டார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் அரியமுத்துவும், அவருடைய கூட்டாளியும் விழாக் குழுவில் இன்னொரு பெரிய மனிதருமான நல்லுசாமியும், மோட்டார் கொட்டகை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து கிடந்தார்கள்.

வேறு ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் ஜெயசுதாவுக்கு வினையாகப் போயிற்று. கல்யாணத்தை எதிர்த்த இரண்டு பேரை மட்டும் பார்த்து விஷம் வைத்துவிட்டாள் என்று நல்லுசாமி ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே பேச ஆரம்பித்துவிட்டார். சாட்சிக்குக் காளான் பறித்த மூங்கில் கூடையைக் காட்டினார்கள். அதன் அடியில் மை ஊற்றியதுபோல் கன்னங்கரேலென்று ஒரு கறை.

பிரவீணா கிளம்பிய அன்று, வெள்ளிக்கிழமை சாயங்காலம், கோயில் வாசலில் கூட்டம். அதற்குள் பிரவீணா பதில் கண்டுபிடித்தாக வேண்டும்.

கையில் இருந்தது ஒரே ஒரு துப்பு. ஜெயசுதா முந்தின நாள் ஒரு டிபன் டப்பாவில் அதே காளானில் நாலைந்தைக் கொண்டுவந்திருந்தாள். பிரவீணா தன்னோடு கல்லூரியில் தாவரவியல் படித்த வெற்றிச்செல்வியைப் போனில் பிடித்தாள். வெற்றிச்செல்வி திருச்சியில் காளான் ஆராய்ச்சி செய்கிறவள். படத்தைப் பார்த்துத் தின்னலாமா என்று கேட்டால் போனை வைத்துவிடுவேன் என்று முதலிலேயே மிரட்டினாள். குடையை மட்டும் வெட்டி வெள்ளைத்தாளில் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரை மூடி வைத்துக் காலையில் பார்க்கச் சொன்னாள். விடிந்ததும் பிரவீணா டம்ளரைத் தூக்கினாள். தாளில் சக்கரக் கோலம்போல் கருப்புப் பொடி. டப்பாவில் மிச்சம் வைத்திருந்த காளான்களைக் காணவில்லை. அவை இருந்த இடத்தில் கருப்பாக ஒரு குழம்பு மட்டும் நின்றது.

அடியோடு தோண்டியெடுத்த காளானைப் பார்க்காமல் மேலே எதுவும் சொல்ல முடியாது என்று வெற்றிச்செல்வி முடித்துக்கொண்டாள். அதற்குத்தான் இந்தப் பயணம்.

அரியமுத்து அவர்களை வாசலிலேயே நிறுத்தினார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தாலும் ஆள் வாடவில்லை. வெள்ளை வேட்டி, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, பின்னால் நிழல்போல நல்லுசாமி.

“இது எங்க வூட்டு விஷயம். வெளியாளு வேண்டாம்” என்றார் அரியமுத்து.

“வீட்டு விஷயம்னா வீட்டுக்குள்ள பேசியிருக்கலாமே ஐயா. கோயில் வாசல்ல கூட்டம் போட்டுட்டீங்க. இப்ப இது ஊர் விஷயம்.”

நல்லுசாமி, பொம்பளை துப்பறிகிற அழகைப் பார் என்பதுபோல் ஏதோ முனகினார். அதற்குள் ஜெயசுதா உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். அவளுக்குப் பின்னால் செந்தில்குமார் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடலாமே சுதா, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மூன்று நாளாகச் சொன்னதையே திரும்பச் சொன்னான்.

ஜெயசுதா தன் கையைத் தூக்கிக் காட்டினாள். அவள் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு இருந்தது.

“காப்புக் கட்டினவங்க ஊரை விட்டு ராத்தங்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது மாமாதான். அத்தை எனக்கும் கட்டிவிட்டிருக்காங்க. அம்மன் அவுக்கச் சொன்னா அவுக்கறேன். அதுவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்.”

அரியமுத்து வேட்டியை மடித்துக் கட்டினார். அவர் போட்ட சட்டம்தான். தோப்பைத்தானே பார்க்க வேண்டும், பார்த்துத் தொலையுங்கள் என்று கையை வீசிவிட்டு உள்ளே போனார்.

தோப்பைக் காவல் காக்கிறவர் மதுரைவீரன். அரியமுத்துவுக்குப் பங்காளி முறை. ஊரிலேயே பேர்பெற்ற குடிகாரர். காப்புக் கட்டின அன்று விழாக் குழு இவரைத் தனியாக நிறுத்திச் சூடத்தை அணைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறது. சத்தியம் வாங்கியவர்கள் அரியமுத்துவும் நல்லுசாமியும். இதையெல்லாம் அவரே வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஈர மண்ணும் முந்திரி இலையும் சேர்ந்த வாசனை தோப்பு முழுக்க நின்றது. முதலில் ஒரு கறையான் புற்று. அதன் ஓரத்தில் குடையின் நடுவில் கூம்பு வைத்த வெள்ளைக் காளான்கள். மதுரைவீரன் ஒன்றைப் பிடித்து இழுத்தார். அதன் கால் வேர்போல் நீண்டு மண்ணுக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது. இது புற்றுக்காளான், இதை நாங்களும் தின்போம், பிரச்சினை இது இல்லை என்றார்.

பிரச்சினை இருந்த இடம் கொஞ்சம் தள்ளி, எப்போதோ புயலில் விழுந்த ஒரு கிழட்டு மரத்தின் அடிக்கட்டை. அதைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகச் சாம்பல் நிறக் காளான்கள், சின்னச் சின்ன மணிகளைக் கவிழ்த்து வைத்ததுபோல. பழுத்தவை ஓரத்திலிருந்து கரைந்து சொட்டுச் சொட்டாகக் கருப்பாய் வடிந்துகொண்டிருந்தன.

உத்திராபதி குனிந்து பார்த்தார். “ஏன் மேடம், இது காளானா, மைப்புட்டியா?”

“கூடையில இருந்த கறை இதுதான்ணே. யாரும் எதையும் ஊத்தலை. பறிச்சு வச்சா தானே கரைஞ்சு மையாயிடும்.”

“அப்ப ஒரு கூடையை நிரபராதின்னு நிரூபிச்சுட்டோம். இன்னும் மருமகள்தான் பாக்கி.”

பிரவீணா இரண்டு காளானை அடி மண்ணோடு தோண்டியெடுத்து, மேல், கீழ், கால், அடிப்பக்கம் என்று எல்லாப் பக்கமும் படமெடுத்து அனுப்பினாள். அடியில் பைபோல உறை இருக்கிறதா, கழுத்தில் வளையம்போல் தொங்குகிறதா என்று வெற்றிச்செல்வி திருப்பித் திருப்பிக் கேட்டாள். பைபோன்ற உறை இல்லை. தொங்கும் வளையமும் இல்லை. ஆளைக் கொல்லும் சாதிக்கு அவை இரண்டும் இருக்கும், இது அந்தச் சாதி இல்லை என்று எழுதினாள். சற்றுப் பொறுத்து ஒரு குரல் பதிவு வந்தது. பிரவீணா ஒலிபெருக்கியைப் போட்டாள்.

“பிரவி, இது பழுத்தா மையாக் கரையற சாதி. சும்மா சாப்பிட்டா பொதுவா ஒண்ணும் பண்ணாது. ஆனா இதைத் தின்னுட்டுச் சாராயம் குடிச்சா தொலைஞ்சாங்க. முகம் கழுத்தெல்லாம் மிளகாப்பழமாச் சிவந்து போயிடும், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், வாந்தி வரும். அன்னிக்கு மட்டும் இல்லை. அதுக்கப்புறம் ரெண்டு மூணு நாள் கழிச்சுக் குடிச்சாலும் திரும்ப அதே கூத்துதான்.”

பிரவீணா சந்தோஷத்தில் பதிவை இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள். மதியம் சாப்பிட்டவர்கள் சாயங்காலம் விழுந்தது ஏன், வயிற்றைப் பிடிக்காமல் நெஞ்சைப் பிடித்தது ஏன், எல்லாவற்றுக்கும் ஒரே பதில். ஆனால் அந்தச் சந்தோஷம் உத்திராபதி வாயைத் திறக்கிறவரைதான் நீடித்தது.

“ஒரு சின்னச் சந்தேகம் மேடம். சாராயம்தான் காரணம்னா, இந்த ஊர்ல முதல்ல விழுந்திருக்க வேண்டியது நம்ம மதுரைவீரன் அண்ணன்தானே?”

அவரைக் கேட்டார்கள். அன்றைக்கு அவரும் பந்தியில் இருந்தார். இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். ஒரு ஏப்பம் வந்ததாம். அதைத் தவிர ஒன்றும் இல்லையாம். விழுந்த இரண்டு பேரோ, ஊருக்கே குடிக்காதே என்று சட்டம் போட்டவர்கள். காப்புக் காலத்தில் குடித்துவிட்டு வந்த இளவட்டங்களைப் போன வருஷம் கோயில் வாசலில் முட்டிபோட வைத்தவர்கள்.

“ரிவர்ஸ் எடுத்துடலாமா மேடம்?” என்றார் உத்திராபதி மெதுவாக.

பிரவீணா அடிக்கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் அந்தப் பெண் கோயில் வாசலில் தனியாக நிற்கப்போகிறாள். புருஷன்கூடப் பக்கத்தில் நிற்பானா என்று சொல்வதற்கில்லை. கையில் இருப்பதோ, ஊரே சிரிக்கிற ஒரு விளக்கம்.

மதுரைவீரன் தன் தூக்குவாளியிலிருந்து அவர்களுக்குத் தேநீர் ஊற்றினார். ஊற்றும்போது கை வெடவெடவென்று நடுங்கியது. பாதி கீழே சிந்தியது. பிரவீணா அந்தக் கையையே பார்த்தாள்.

“உடம்புக்கு முடியலையாண்ணே?”

“காப்புக் கட்டினதிலேருந்து இப்படித்தாம்மா. தூக்கம் வரமாட்டேங்குது. கை நிக்க மாட்டேங்குது. ஒரு சொட்டுப் போட்டா நின்னுடும். போட மாட்டேன். மத்த நாள்ல நான் எப்படியோ. ஆத்தாளுக்குக் குடுத்த வாக்கைத் தப்ப மாட்டேன்.”

சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. பிரவீணா தேநீரைக் குடிக்காமல் எழுந்தாள்.

“அண்ணே, குடிகாரர்னு ஊருக்குத் தெரிஞ்சவர் தப்பிச்சுட்டார். குடிக்க மாட்டாங்கன்னு ஊருக்குத் தெரிஞ்சவங்க விழுந்துட்டாங்க. ஊருக்குத் தெரிஞ்சதைத் தூக்கி ஓரமா வச்சுட்டு யோசிச்சுப் பாருங்க.”

உத்திராபதி யோசித்தார். கண்கள் மெல்ல விரிந்தன. “மேடம், அந்த மோட்டார் கொட்டாய்க்கு அன்னிக்குத் தண்ணி பாய்ச்சவா போயிருப்பாங்க? மழைதான் ஏற்கெனவே பாய்ச்சிடுச்சே.”

தெரிந்துகொள்வது வேறு, நிரூபிப்பது வேறு. காப்பை முறித்துக் குடித்தோம் என்று அவர்கள் டாக்டரிடமே சொல்லவில்லை. ஊரிடம் சொல்வார்களா? பழி ஒரு பெண்ணின் தலையில் விழுந்தாலும் பரவாயில்லை, மஞ்சள் கயிற்றின் மானம் போகக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டவர்கள். அவர்களுடைய வாயை அவர்களே திறக்க வேண்டும். பிரவீணா உத்திராபதியை ஓரமாகக் கூப்பிட்டு ஒரு காரியம் சொல்லி ஜெயங்கொண்டத்துக்கு அனுப்பினாள். போகிற பஸ்ஸின் கண்டக்டர் தன்னிடம் தொழில் கற்றவன், வாசல்படியிலேயே இறக்கிவிடுவான் என்று சொல்லிக்கொண்டே போனார்.

கூட்டத்துக்கு முன் விழாக் குழுவினர் அரியமுத்துவின் கூடத்தில் கூடினார்கள். பிரவீணா அவர்கள் நடுவில் போய் நின்று, ஒரு சோதனை வைத்துக்கொள்ளலாம் என்றாள். காலையில் தோப்பில் தோண்டியதை மதுரைவீரன் பார்த்திருக்கிறார். ஜெயசுதா குழம்பு வைப்பாள். எல்லோர் முன்னாலும் அவளே முதலில் சாப்பிடுவாள். விஷம் என்றால் அவளே விழட்டும். நல்லுசாமிக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துப்போயிற்று. தின்னட்டும், தின்னட்டும் என்றார்.

பின்கட்டில் குழம்பு கொதித்தபோது செந்தில்குமார் மனைவியின் பக்கத்தில் போய் நின்றான். வேண்டாம் சுதா, உனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா என்று அவன் குரல் உடைந்தது. ஜெயசுதா கரண்டியைக் கீழே வைக்காமல், பயமா இருந்தா வெளியே போய் நில்லுங்க, நம்பிக்கை இருந்தா தட்டைக் கழுவிட்டு வாங்க என்றாள். அவன் தட்டுகளை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். அதைப் பார்த்த புஷ்பவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கூடத்தின் நடுவில் உட்கார்ந்து ஜெயசுதா சாப்பிட்டாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. அவளுக்கு மாற்று மருந்து தெரிந்திருக்கும் என்றார் நல்லுசாமி. உடனே மதுரைவீரன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எனக்கும் போடு தாயி, எனக்கு எந்த மாத்தும் தெரியாது என்று தட்டை நீட்டினார். நடுங்குகிற கையாலேயே வழித்துச் சாப்பிட்டார். செந்தில்குமாரும் சாப்பிட்டான். ஜெயங்கொண்டத்திலிருந்து திரும்பியிருந்த உத்திராபதி, தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் காரில் தன் சீட்டை யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டு கை நனைத்தார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிரவீணா செல்போனை எடுத்து வெற்றிச்செல்வியின் குரல் பதிவைப் போட்டாள். கூடம் காது கொடுத்துக் கேட்டது. முகம் மிளகாய்ப்பழமாகச் சிவக்கும். நெஞ்சு அடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாள் கழித்துக் குடித்தாலும் திரும்ப அதே கூத்துதான்.

பதிவு முடிந்த அந்த ஒரு கணத்தில், நல்லுசாமி நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார். அரியமுத்துவின் பக்கம் சாய்ந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“அதானா நேத்தும் நமக்கு அப்படிப் பண்ணுச்சு.”

விழாக் குழுவினர் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

“நேத்து என்னங்க பண்ணுச்சு?” என்றாள் பிரவீணா. “நேத்து இந்த வீட்டுல காளான் சமைக்கலையே. ஜெயசுதா நேத்துப் பெரம்பலூர்ல என் எதிர்ல உட்கார்ந்திருந்தா.”

உடம்பு வலிக்கு மருந்து மாதிரி என்று நல்லுசாமி ஏதோ ஆரம்பித்து, மழைக் குளிர் என்று எங்கேயோ போய் நின்றார். அரியமுத்து அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கே மனிதர் சுருங்கிப்போனார்.

“இவன் ஏதோ உளர்றான். நேத்து யாருக்கும் ஒண்ணும் ஆகலை” என்றார் அரியமுத்து.

“ஆச்சு.”

பேசியது புஷ்பவல்லி. இத்தனை வருஷத்தில் அந்தக் கூடத்தில், ஆண்கள் கூடியிருக்கும்போது, அவள் குரல் கேட்டவர்கள் யாரும் இல்லை.

“நேத்து பொழுது சாய மோட்டார் கொட்டாய்லேருந்து வந்தாரு. முகமெல்லாம் ரத்தச் சிவப்பு. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னாரு. வாடை எனக்குத் தெரியாதா? நான் பேசாம இருந்தேன். என் மருமவ பழி சுமக்கிறதைப் பார்த்துக்கிட்டே பேசாம இருந்தேன். இனிமே என்னால ஆகாது.”

விழாக் குழுவில் யாரோ இருமினார்கள். மதுரைவீரன் அரியமுத்துவின் மணிக்கட்டில் இருந்த கயிற்றைப் பார்த்தார். பிறகு தன்னுடையதைப் பார்த்தார். எழுந்து போய்க் கை கழுவினார். திட்டியிருந்தால்கூட அரியமுத்து தாங்கியிருப்பார்.

மதுரைவீரன் திரும்பி வந்து, தன் வயிற்றைத் தடவிக்கொண்டே, இந்தக் காளான் இன்னும் எத்தனை நாளைக்கு உடம்பில் நிற்கும், தீமிதி முடிந்ததும் தனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று கவலையோடு கேட்டார்.

“நீங்க கவலைப்படாதீங்கண்ணே” என்றார் உத்திராபதி. “இன்னிக்குத் தின்னது ஜெயங்கொண்டம் காய்கறிக் கடையில வாங்கின சிப்பிக் காளான். தோப்புக் காளானைத் தின்னு பாக்கிற அளவுக்கு எங்க மேடத்துக்குத் துணிச்சல் இருக்கலாம். எனக்குக் கிடையாது.”

காட்டில் முளைத்ததைக் கண்ணால் பார்த்து மட்டும் தின்னக் கூடாது, ஜெயசுதாவும் இனிமேல் அந்தச் சாம்பல் காளானைத் தொடாமல் இருப்பதே நல்லது என்று பிரவீணா கண்டிப்பாகச் சொன்னாள். ஜெயசுதா தலையை ஆட்டினாள். ஆனால் அவளுடைய கண் மாமனாரை விட்டு நகரவில்லை.

அரியமுத்து எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். திரும்பியபோது அவர் குரல் இறங்கியிருந்தது. நடந்தது நடந்துவிட்டது என்றார். இது இந்தக் கூடத்தோடு இருக்கட்டும், கூட்டத்துக்கு வந்தவர்களிடம் விஷயம் முடிந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுகிறேன் என்றார். கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு, “நீ இங்கேயே இரும்மா. யாரும் உன்னைப் போகச் சொல்ல மாட்டாங்க” என்றார்.

இந்தக் குடும்பத்தில் அவர் வாயால் ‘அம்மா’ என்று அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பிரவீணாவுக்குத் தெரிந்த எத்தனையோ மருமகள்கள் அந்த ஒரு சொல்லுக்கே அழுது காலில் விழுந்திருப்பார்கள்.

ஜெயசுதா எழுந்து நின்றாள்.

“முடியலை மாமா. விஷம் வச்சவள்னு என்னைக் கதவைத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் சொன்னீங்க. இல்லைங்கிறதையும் கதவைத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் சொல்லணும். ஏன் விழுந்தீங்கங்கிறதையும் நீங்களே சொல்லணும்.”

அரியமுத்து மகனைப் பார்த்தார். மூன்று நாளாக, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த செந்தில்குமார் வாசலுக்கு நடந்தான். தாழ்ப்பாளை இழுத்தான். இரண்டு கதவையும் விரியத் திறந்தான். கோயில் வாசலில் காத்திருந்து பார்த்துவிட்டுத் தெருவுக்கே வந்துவிட்டவர்களின் முகங்கள் வரிசையாகத் தெரிந்தன. பெண்கள் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார்கள்.

அரியமுத்து நிலைப்படியில் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். நிறையச் சொல்லவில்லை. ஆனால் எதையும் விடவும் இல்லை. குடித்தோம் என்றார். காப்பு முறித்தோம் என்றார். மருமகள் மேல் குற்றம் இல்லை என்றார். கயிற்றைக் கழற்றிப் புஷ்பவல்லியின் கையில் கொடுத்தார்.

வேலை முடிந்தது என்று பிரவீணா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். மாட்டியவள், ஜெயசுதாவின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். அலுவலகத்தில் உறுதியாக உட்கார்ந்திருந்த பெண், நடுக்கூடத்தில் விஷம் என்று ஊர் சொன்னதைப் பிசைந்து சாப்பிட்ட பெண், இப்போது உதடு துடிக்க நின்றாள்.

“மாமா, நான் இந்த வூட்டுல ஒண்ணும் கேட்டதில்லை” என்றாள். “இப்பக் கேக்கறேன்.”

அரியமுத்து திரும்பினார்.

“மாசாமாசம் எங்கப்பா என்னையப் பாக்க பஸ் ஏறி ஆண்டிமடம் வர்றாரு. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில உட்கார்ந்து போன் பண்ணுவாரு. நான் அங்க போய்ப் பார்ப்பேன். உள்ள வாப்பான்னு கூப்பிட எனக்கு உரிமை இல்லை. கூப்பிடாத வூட்டுக்கு அவரும் வர மாட்டாரு. நாளைக்கு நீங்க குரும்பலூர் போகணும். நீங்களே போகணும். வெத்தலபாக்கு வச்சு, எங்க வூட்டு வாசல்ல நின்னு, எங்கப்பாவையும் அம்மாவையும் திருவிழாவுக்குக் கூப்பிடணும். கூட்டிட்டு வந்து, இந்தக் கூடத்துல, உங்க பக்கத்துல உட்கார வச்சுச் சோறு போடணும் மாமா.”